பக்கத்துக் கதவு

எக்ளிங்டன் வீதியும் மார்க்கம் வீதியும் வெட்டுகிற மூலை.
பத்தொன்பது படி.
கீழே கொத்துரொட்டிக் கடை, மேலே இரண்டு கதவு.
இடது, பல் வைத்தியர் டிசூசா.
வலது, நான்:
நளாயினி யோகநாயகம்,
சட்டத்தரணி, நொத்தாரிசு.
பலகைக்கு முந்நூற்று நாற்பது டொலர், வரி வேறு.
“‘ழ’ வராத பெயர் அக்கா, பிழைக்காது”
என்றான் அச்சகத்துப் பெடியன்.
முதல் நாலு மாதமும் அந்தச் சொல்
மற்ற அர்த்தத்திலேயே காதில் கேட்டது.

கதிரை ஆறு வாங்கினேன்.
ஒன்றில் இருந்து பார்த்தேன், பிறகு அடுத்ததில்.
எது கிறீச்சிடும் என்பது மனப்பாடம்.

மச்சாள் சொன்னாள்:
பஸ் தரிப்பு வாங்கில் முகத்தைப் போடு,
லட்சுமி படத்தோடு கலண்டர் அடி,
சாமத்திய வீடு ஒன்றையும் விடாதே,
கார்ட் இல்லாத கையைக் கூப்பாதே.
எல்லாம் செய்தேன்.
பத்திரிகையில் அரைப் பக்கம், எண்ணூறு டொலர்.
வந்த ஒரே அழைப்பு
இன்னொரு பத்திரிகை.

கதவைத் தட்டியவர்கள் எல்லாம்
கன்னத்தைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.
“பக்கத்துக் கதவு” என்பேன்.
நாளுக்கு ஏழு தரம், எட்டுத் தரம்.
சட்டம் படித்த வாய்
அந்தக் குளிர் முழுக்க அதைத்தான் வாதாடியது.

பெப்ரவரி. உறைமழை.
ஒரு மனுசன். தொழிற்சாலைச் சப்பாத்து,
இடது கன்னம் பணிஸ் மாதிரி.
வழக்கமான இரண்டு சொல்லுக்கு வாயெடுத்தேன்.
அதற்குள் இருந்துவிட்டார், கிறீச்சிடுகிற கதிரையில்.
சட்டைப்பையிலிருந்து நாலாய் மடித்த தாள்.
அரை வாயால் சொன்னார்:
“வீட்டுக்காரன் எழும்பச் சொல்றான்.
பேஸ்மெண்ட். மூண்டு பிள்ளையள்.”

படித்தேன். திருப்பினேன். மறுபடி படித்தேன்.
“அண்ணை, இதில கையெழுத்து இல்லை.”
“அப்ப?”
“அப்ப இது நோட்டீஸ் இல்லை, வெறுங் கடுதாசி.
சரியா எழுதி இன்னொண்டு தருவான்.
தந்தால் அண்டைக்கே வாங்கோ,
நாள் கடத்தாதேங்கோ.”
காசு எவ்வளவு என்றார்.
ஐந்து நிமிசத்துக்கு என்ன காசு,
போய்ப் பல்லைக் கழட்டுங்கோ என்றேன்.

பத்து நாள் ஒரு சத்தமும் இல்லை.
வீக்கம் வற்ற அவ்வளவு நாள் பிடித்திருக்கிறது.
வற்றியது எனக்குப் படியில் கேட்டது:
சனிக்கிழமை காலை,
கோழி வெட்டுகிற தொழிற்சாலையின் இரவுவேலை மொத்தமும்
தாளோடு ஏறி வந்தது.
நாலாய் மடித்தது, எட்டாய் மடித்தது,
மஞ்சள் கறை பட்டது,
ஒன்றரை வருசமாய் உடைக்காத உறை ஒன்று.
“குலேந்திரன் அண்ணை சொன்னவர்” என்றார்கள்.
அவருடைய பெயரே அன்றுதான் எனக்குத் தெரியும்.

வழக்கு இருந்தால் இருக்கு என்றேன்,
இல்லாவிட்டால் இல்லை என்றேன்.
இல்லை என்று கேட்டுப் போனவர்கள்தான்
அதிகம் திரும்பி வந்தார்கள்,
வீடு வாங்க, மரணசாசனம் எழுத,
ஒருத்தி மணவிலக்குக்கு,
தங்கச்சியை வெளியே இருத்திவிட்டு, குசுகுசுப்பாய்.

அந்த வீட்டுக்காரரும் வந்தார் ஒரு நாள்.
“என்ர கடுதாசியைப் பிழை பிடிச்சது நீங்கள்தானே?
இனி என்ர பக்கம் நில்லுங்கோ.”
அது முறையில்லை என்று
வேறொருவரின் இலக்கத்தை எழுதிக் கொடுத்தேன்.
குடையை மறந்துவிட்டுப் போனார்.
இன்னும் மூலையில் நிற்கிறது.

இப்போது ஆறு கதிரையும் காணாது.
கோப்போடு வருகிற சனம் தவறி
டிசூசாவின் கதவைத் திறக்கிறது.
“பக்கத்துக் கதவு” என்று
தமிழிலேயே சொல்லப் பழகிவிட்டார் அந்தக் கோவாக்காரர்.

நேற்று ஏழரைக்கு, இருவரும் பூட்டுகிற நேரம்,
என்னைச் சாய்கதிரையில் படுக்க வைத்து
வாய்க்குள் விளக்குப் பிடித்தார்.
கடைவாய்ப் பல் நாலும் தேய்ந்திருக்கிறதாம்.
“நித்திரையில் பல்லை நெருமுகிறீர்கள்.
எவ்வளவு காலமாய்?”
வாய் முழுக்கப் பஞ்சு.
இரண்டு விரலைக் காட்டினேன்.
மாதமா வருசமா என்று கேட்டார்.
தட்டில் வைத்த என் போன் நடுங்கி நடுங்கி
விளிம்புக்கு நகர்ந்தது.
விழ முன்னம் அவர் பிடித்தார்.
தெரியாத இலக்கம் என்றார்.

கை நீட்டினேன்.